மருமவனே, அந்த டம்ளரைக் கீழ வையும்

எந்திரிக்காதேயும் மருமவனே, படுத்தே இரும். மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் வேலை பாக்குத பிள்ளைன்னுதான் பொண்ணு கொடுத்தோம். கட்டில் பக்கத்துல என்னடான்னா நாட்டு மருந்துக் கடையில்லா விரிச்சு வச்சிருக்கீரு! பப்பாளி இலைச் சாறு, ஆட்டுப் பால், கிவிப் பழம், நிலவேம்பு, சீந்தில், ஜிங்க் மாத்திரை. கடிச்சது ஒரு கொசு. வைத்தியம் சொல்லுதது வாட்ஸப் குரூப்பு பூராவும்.

ஆண் பப்பாளி இலைக்குத்தான் வீரியம்னு எவனோ கெளப்பிவிட்டுட்டான். நம்ம தெருவுல ஒரு மரத்துலயும் இலை இல்ல. இலையெல்லாம் நீரே குடிச்சுட்டு ஆட்டுப் பாலும் கேட்டா, ஆடு எதைத் தின்னு கறக்கும்?

சரி, காய்ச்சல் வந்து எத்தனை நாளாச்சு? 5 நாளா? நேத்து சாறு குடிச்சீரு, இன்னைக்குக் காய்ச்சல் விட்டுட்டு. அதுக்குத்தான் இந்தச் சிரிப்பா?

டெங்குக் காய்ச்சல் 3லேர்ந்து 7 நாளைக்குள்ள தானாவே விட்டுரும். 1,50,000க்கு மேல இருக்க வேண்டிய ப்ளேட்லெட்டு சரசரன்னு எறங்கும். பெறவு யாரும் கெஞ்சாமலே தானா ஏறும். நம்ம ஆளுவ அம்மியில இலையை வைக்கது எப்ப? ரிப்போர்ட்டைப் பாத்து வீடே ஒப்பாரி வச்ச பெறவு. அதாவது, ஏறப்போற நேரம் பாத்து. காக்கா உக்காந்துது, பனம்பழம் விழுந்துது. நீரு காக்காவுக்கு மாலை போட்டுக்கிட்டு இருக்கீரு.

ஆராய்ச்சி இருக்கே மாமாம்பீரு. இருக்கு, இல்லைங்கல. சின்னச் சின்ன ஆராய்ச்சியில எண்ணிக்கை கொஞ்சம் வெரசா ஏறியிருக்கு. ஆனா அதனால ஒரு உசுரு பொழச்சுதுன்னோ, ரத்தக் கசிவு நின்னுதுன்னோ சாட்சி சொல்ல ஒருத்தரும் வரல. அந்தச் சாறைக் குடிச்சுட்டுக் கொடலைப் பெரட்டி வாந்தி எடுத்தவனை நான் பாத்திருக்கேன். ஒடம்புல தண்ணி நிக்கணும்னு டாக்டர் தலைகீழா நின்னு சொல்லுத நோவு இது. குடிச்ச கஞ்சியையும் சேத்து வெளிய தள்ளுததுக்குப் பேரு வைத்தியமா?

நிலவேம்பைப் பத்தி நான் வாய் தொறக்க மாட்டேன். ஆராய்ச்சி முடியட்டும், அதுவரைக்கும் கொடுக்காதீங்கன்னு தன் ரசிகர்கள்ட்ட சொன்னதுக்கே 2017ல கமலஹாசன் பட்ட பாடு ஊருக்குத் தெரியும். அந்தக் குடிநீருல 9 சரக்கு. அத்தனையையும் காய்ச்சிக் குடிச்ச பெறவும் கொசு கடிக்கதை நிறுத்தல. ஆசைக்கு ஒரு வாய் குடியும். குடிச்சாச்சேன்னு ரத்தம் பாக்கப் போவாம இருக்கீரு பாத்தீரா, அங்கனதான் கதை கெடுது.

கொரோனா சமயத்துல இதை விடக் கூத்து. ஊமத்தங்காய் முள்ளு முள்ளா அந்தக் கிருமியப் போலவே இருக்குன்னு டிக்டாக்ல பாத்துட்டு, 2020ல ஆந்திராவுல சித்தூர் மாவட்டத்துல விதையை அரைச்சுக் குடிச்சுக் குடும்பத்தோட ஆஸ்பத்திரிக்குப் போனாவ. மறு வருஷம் மும்பையில சீந்தில் குடிச்ச 6 பேருக்கு ஈரல் கெட்டுப்போச்சுன்னு டாக்டர்மாரு எழுதினாவ. ஆயுஷ் அமைச்சகம் விடல. அது சீந்திலாவே இருக்காது, அதே சாடையில வேற கொடின்னு மல்லுக்கு நின்னுது. படிச்ச ரெண்டு கூட்டத்துக்கே கொடி எதுன்னு வழக்கு. நீரு நேத்து வேலியோரம் டார்ச் அடிச்சுப் பறிச்சது எந்தக் கொடி, சொல்லும் பாப்போம்?

அந்த ஆரஞ்சு வில்லை வைட்டமின் சியா? ஒடம்பு தனக்கு வேண்டியதை எடுத்துக்கிட்டு மிச்சத்தை மூத்திரத்துல அனுப்பிரும். இந்த வருஷம் உம்ம செப்டிக் டேங்குக்குச் சளியே பிடிக்காது. ஜிங்க்கை மாசக்கணக்குல அள்ளிப் போட்டா ஒடம்புல செம்புச் சத்து கொறைஞ்சுரும். அதை வாட்ஸப்புல எவனும் எழுதமாட்டான்.

இப்ப வெளையாட்டு இல்ல, கேளும். சூடு எறங்குதே, அந்த ஒண்ணு ரெண்டு நாள்தான் டெங்குல பொல்லாத நாள். ரத்தக் குழாய்லேர்ந்து நீர் வெளிய கசியும், ரத்தம் கெட்டியாவும். வயித்து வலி, நிக்காத வாந்தி, ஈறுல ரத்தம், கை கால் சில்லுப்பு, ஆளு சோந்து சோந்து படுக்கது, இதுல எது ஒண்ணு வந்தாலும் ஓடணும். நம்ம சனம் அன்னைக்குத்தான் காய்ச்சல் விட்டுட்டுன்னு கோயிலுக்குப் போவும். வயித்தை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே பேசுதீரே, அது எப்பலேர்ந்து? காலையிலேர்ந்தா? நெனச்சேன்.

மேலுவலிக்கு மருந்துக் கடைக்காரன் கொடுத்த மாத்திரையை இங்க கொடும். ப்ரூஃபென், ஆஸ்பிரின் எல்லாம் ரத்தக் கசிவைக் கூட்டிரும். பாராசிட்டமால் மட்டுந்தான், அதுவும் அளவோட. உப்பும் சர்க்கரையும் போட்ட கரைசல், கஞ்சி, எளநீரு குடியும். இதுல பெருமைப்பட ஒண்ணும் இல்லைன்னுதான் ஒரு பயலும் ஃபார்வர்ட் பண்ணமாட்டேங்கான்.

ஃபிரிட்ஜுக்குப் பின்னால தண்ணித் தட்டு இருக்கு, தெரியுமா? அதுல புழு நெளியுது. அந்தக் கொசுவுக்கு நல்ல தண்ணிதான் வேணும், கடிக்கது பகல்ல. நீரு ராத்திரி மட்டும் சுருள் கொளுத்துதீரு. உம்ம அத்தை இப்பத்தான் தட்டைத் தேய்ச்சுக் கழுவுதா.

ம், எந்திரியும். வாசல்ல ஆட்டோ நிக்கி. பெரியாஸ்பத்திரிக்குப் போயி ரத்தம் பாத்துட்டு வந்துருவோம். ஆட்டோக்காரன்ட்ட மட்டும் காய்ச்சல்னு சொல்லிராதேயும்; அவன்ட்டயும் ஒரு கசாயம் இருக்கும்.