வாழ்க சைனஸ் நிபுணர்கள்

ரிஷிவந்தியத்தில் ஒருவருக்குத் தலைவலி வந்தால் அவர் டாக்டரைத் தேடி அலைய வேண்டியதில்லை. டீக்கடை பெஞ்சு வரை நடந்தால் போதும். "தலை வலிக்குது" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் "சைனஸ்தான்" என்று நாலு பக்கமிருந்தும் தீர்ப்பு வந்துவிடும். எந்தப் பக்கம் வலிக்கிறது, எத்தனை மணி நேரம் நிற்கிறது, வாந்தி வருகிறதா, வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறதா என்றெல்லாம் கேட்டு நோயாளியை நோகடிக்கும் வழக்கம் எங்களிடம் கிடையாது. வலியில் துடிப்பவரைக் குறுக்கு விசாரணை செய்வது பண்பாடு ஆகுமா? 2011-இல் விஜயகாந்தைச் சட்டமன்றத்துக்கு அனுப்பி, தமிழ்நாட்டுக்கே எதிர்க்கட்சித் தலைவரைக் கொடுத்த தொகுதி இது. கேவலம் ஒரு தலைவலிக்கு எங்களால் பெயர் வைக்க முடியாதா?

எங்கள் நிபுணர்களின் ஆதாரங்கள் அசைக்க முடியாதவை. மூக்கு அடைத்திருந்தால் சைனஸ். கண்ணில் தண்ணீர் வந்தால் நீர் கோத்துக்கொண்ட சைனஸ். குனிந்தால் வலி கூடினால் சைனஸ். வானம் கறுத்தால் தலை வலிக்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம், சைனஸ். வெயிலில் வலித்தால் சூட்டு சைனஸ். இவற்றில் எதுவுமே இல்லையென்றால் அது வெளியே காட்டிக்கொள்ளாத சைனஸ். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒரே இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிற இப்படியொரு தத்துவம் ஆறு தரிசனங்களிலும் கிடையாது.

இந்தத் திறமையை வெளியுலகம் கண்டுகொள்ளவில்லை என்பதுதான் எனக்குள்ள மனக்குறை. டென்மார்க்கில் மூளை ஆராய்ச்சிக்கென்றே ஒரு பெரும் பரிசு தருகிறார்கள். 2021-இல் அதை எட்வின்சன், கோட்ஸ்பி, மாஸ்கோவிட்ஸ், ஓலசன் என்ற நாலு பேருக்குக் கொடுத்தார்கள். மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலி எப்படி உண்டாகிறது என்று பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர்கள். முகத்துக்கு உணர்வு தருகிற டிரைஜெமினல் நரம்பு கிளர்ந்தெழுவதும், சி.ஜி.ஆர்.பி. என்ற ஒரு பொருள் சுரப்பதும், மூளையின் உறையிலுள்ள இரத்தக் குழாய்கள் விரிவதும் இவர்கள் கண்டு சொன்னவை. அந்த நரம்பு கிளம்பினால் சும்மா இருப்பதில்லை. மூக்குக்கும் கண்ணுக்கும் போகிற வேறு நரம்புகளையும் தட்டி எழுப்பிவிடும். மூக்கு அடைக்கும், நீராக ஒழுகும், கண் கலங்கும். மூக்கில் நோயே இல்லாமல் மூக்கு இத்தனை வேலையும் செய்யும். பாவம், அந்த நாலு பேரும் எங்கள் பெஞ்சுக்கு ஒரு தடவை வந்திருந்தால், "மூக்கு ஒழுகினா சைனஸ், இதுக்கு எதுக்குங்க ஆராய்ச்சி" என்று சொல்லி டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்போம்.

2004-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னும் மோசம். தங்களுக்கு இருப்பது சைனஸ் தலைவலி என்று தாங்களே நம்பியவர்கள், அல்லது டாக்டர் அப்படிச் சொன்னவர்கள் 2,991 பேரைப் பிடித்து உட்கார வைத்து, ஒழுங்காகக் கேள்வி கேட்டார்கள். சளித் தொற்றுக்கான சான்று எதுவும் இல்லாதவர்கள். முன்பு யாரும் மைக்ரேன் என்று சொல்லாதவர்கள். கேட்டு முடித்தபோது 100-க்கு 88 பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. மீதி 12 பேருக்கும் சைனஸ்தான் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனாலும் பெரிய மனசோடு அந்தப் பன்னிரண்டையும் எங்கள் கணக்கிலேயே எழுதிக்கொள்ளலாம். நூற்றுக்குப் பன்னிரண்டு வாங்கியும் முகத்தில் ஒரு வாட்டமில்லாமல் அடுத்த தலைவலிக்குத் தீர்ப்புச் சொல்லக் காத்திருக்கிறவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எங்கள் ஊர் அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் லிங்கத்துக்குத் தேன் அபிஷேகம் செய்யும்போது உள்ளே அம்பாள் உருவம் தெரியும் என்பது நம்பிக்கை. பாலாபிஷேகத்தின்போது தெரியாதாம். அந்தத் தேன் விழுகிற நேரத்துக்காகக் கால் கடுக்க நின்று, எட்டிப் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொள்கிற பொறுமை ஊருக்கே உண்டு. மூக்கடைப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிய மூன்று கேள்வி ஊற்ற வேண்டும். அதற்கு மட்டும் நேரமில்லை. பாதி உடம்பை அம்பாளுக்குக் கொடுத்த சாமியைத் தினம் கும்பிட்டுக்கொண்டே, பாதித் தலையைப் பிடித்து உலுக்குகிற வலியைக் கண்டும் காணாமல் இருப்பதற்குத் தனி வைராக்கியம் வேண்டும்.

அந்த மூன்று கேள்வி பெரிய வித்தை ஒன்றுமில்லை. இந்த மூன்று மாதத்தில் தலைவலியால் ஒரு நாளாவது வேலை கெட்டதா? வலிக்கும்போது வயிற்றைப் புரட்டியதா? வெளிச்சம் தொந்தரவு செய்ததா? மூன்றில் இரண்டுக்கு ஆம் என்றால் பெரும்பாலும் மைக்ரேன். 2003-இல் இதைச் சோதித்தபோது, அப்படிச் சொன்னவர்களில் 100-க்கு 93 பேருக்கு அதுவாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் நிபுணர்களிடம் மூன்றுக்கும் முன்கூட்டியே பதில் உண்டு. வேலை கெட்டதா, அது சோம்பேறித்தனம். வாந்தியா, அது பித்தம். வெளிச்சம் கூசுகிறதா, அது செல்போன். வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையத்துக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் இறங்கி வருகிறவருக்கு வாந்தி வந்தால் அது பஸ். மைக்ரேன் உள்ளவர்களுக்குத்தான் பயண வாந்தி அதிகம் என்று டாக்டர்கள் சொல்வது, பஸ்ஸைக் காப்பாற்றச் செய்கிற சதியாக இருக்கலாம்.

உண்மையான சைனஸ் தொற்று என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. நாலைந்து நாள் ஜலதோஷம் முற்றி, மஞ்சளும் பச்சையுமாகக் கெட்டிச் சளி வந்து, காய்ச்சல் அடித்து, கருவாட்டுக் குழம்பின் வாசனைகூடத் தெரியாமல் போய், கன்னத்து எலும்போடு மேல்வரிசைப் பல்லும் சேர்ந்து வலித்தால் அது சைனஸ். பெரும்பாலும் வைரஸால் வருவது. பத்து நாளுக்குள், கூட்டிக்கொண்டு வந்த சளியோடு தானே கிளம்பிவிடும். மாதம் தவறாமல் வந்து, நாலு மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரை ஆளைப் படுக்கப் போட்டு, தலைக்குள் விண் விண்ணென்று தெறித்து, மாடிப்படி ஏறினால் இரட்டிப்பாகி, பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி எழுப்பி உட்கார வைக்கிற சைனஸ் எங்கள் மாவட்டத்தின் தனி விளைச்சல். கரும்பு, மரவள்ளி, அதற்கப்புறம் இது. (இரண்டு பக்கமும் வலித்தால் மைக்ரேன் இல்லை என்றும் நினைக்க வேண்டாம். அது இரு பக்கமும் பிடிக்கும்.)

பெண்கள் விஷயத்தில் எங்கள் நிபுணத்துவம் உச்சத்தைத் தொடும். பக்கத்துக் கர்நாடகத்தில் எடுத்த கணக்கில், ஓராண்டுக்குள் மைக்ரேன் வந்தவர்கள் பெரியவர்களில் நாலில் ஒருவர். அதிலும் பெண்களே அதிகம். உலகக் கணக்கிலோ, இளம்பெண்களை முடக்கிப் போடுகிற நோய்களில் முதலிடம் அதற்குத்தான். இதற்கு எங்கள் வீடுகளில் ஒரு வரியில் விளக்கம் உண்டு: "தலைக்குக் குளிச்சிட்டு ஈரத் தலையோட நின்னா சைனஸ் வராம என்ன வரும்?" வெறும் வயிற்றோடு நூறு நாள் வேலைக்குப் போய் உச்சி வெயிலில் நின்றது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ராத்திரி தூங்காதது, மாதவிலக்குக்கு இரண்டு நாள் முன்பு என்பது, செவ்வாய் வெள்ளி விரதம், இவை எதுவும் கணக்கில் வராது. மைக்ரேனைத் தூண்டுகிறவை அவைதான் என்று சொன்னால், அப்புறம் அந்தப் பெண்ணுக்கு நேரத்துக்குச் சோறு போட வேண்டும், தூங்க விட வேண்டும். ஈரத் தலைமீது பழி போடுவது குடும்பத்துக்கு எவ்வளவு மிச்சம்!

அடுத்து மெடிக்கல் கடைக் கவுண்டர். அங்கே நடக்கிற சேவையை என்னவென்று சொல்வது?

"அண்ணே, தல வெடிக்கிறாப்ல இருக்கு. காலையிலேர்ந்து ரெண்டு வாட்டி வாந்தி."

"சைனஸுதாம்மா. செட்டு கட்டித் தரேன், மூணு வேள போடு."

"போன மாசமும் இதாண்ணே போட்டேன்."

"அப்ப ஒடம்புக்குப் பழகியிருக்கும். பவர் ஏத்தித் தரேன்."

அந்தக் காகிதப் பொட்டலத்தில் ஓர் ஆன்டிபயாடிக், ஒரு வலி மாத்திரை, ஒரு அலர்ஜி மாத்திரை, வயிறு எரியாமல் இருக்க இன்னொன்று. பெயர் தெரியாது, தெரிந்தும் ஆவதில்லை. ஆன்டிபயாடிக் மைக்ரேனை ஒன்றும் செய்யாது. கிருமிகளுக்கு மட்டும் நல்ல பயிற்சி கொடுத்து வைக்கும். மூக்கில் விடுகிற சொட்டு மருந்தை நாலைந்து நாளோடு நிறுத்த வேண்டும் என்பார்கள். தாராள மனசுக்காரர்கள் மாதக்கணக்கில் விடுவார்கள். அப்போது அந்தச் சொட்டே மூக்கை அடைக்கும், அடைப்புக்கு மறுபடி சொட்டு. வலி மாத்திரையும் அதே குணம். சாதாரண மாத்திரையை மாதத்தில் 15 நாள், கலப்பு மாத்திரையையோ எர்கோட்டமைன், டிரிப்டான் வகையையோ 10 நாள் என்று மூன்று மாதத்துக்கு மேல் விழுங்கினால், மாத்திரையாலேயே தினசரித் தலைவலி வந்து சேரும். வாங்குகிறவரை ஆயுசுக்கும் கைவிடாத இப்படியொரு வியாபாரத்தை யார்தான் குறை சொல்வார்கள்?

இன்னும் ஆழமாகப் போகிறவர்கள் எக்ஸ்ரே எடுப்பார்கள். ஃபிலிமைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி, "கன்னத்துல லேசா வெள்ளையாத் தெரியுது பாருங்க" என்றால் ஆயிற்று, சைனஸ் நிரூபணம். தலைவலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும் பலருக்கு அந்தச் சவ்வுத் தடிப்பு தெரியும். தெரியட்டுமே, அவர்களுக்கும் நாளைக்குத் தலை வலிக்காமலா போகும்? நொச்சித் தழை போட்டு ஆவி பிடிப்பதை நான் கிண்டல் செய்ய மாட்டேன். ஜலதோஷத்துக்கு அது இதம்தான். கொதிக்கிற குண்டானைத் தரையில் வைத்து, பக்கத்தில் கைக்குழந்தையையும் தவழ விடுகிற துணிச்சலைத்தான் வியக்கிறேன்.

இதற்கெல்லாம் மாற்றாக டாக்டர்கள் சொல்கிற வைத்தியமோ சுவாரசியமே இல்லாதது. வலி லேசாகத் தொடங்கும்போதே பாராசிட்டமாலோ இபுப்ரோஃபெனோ சரியான அளவில் போட வேண்டுமாம். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் இருந்தால் இபுப்ரோஃபென் பக்கம் போகக் கூடாதாம். இருட்டான, சத்தமில்லாத அறையில் படுக்க வேண்டுமாம். கேட்காவிட்டால் டாக்டரே பார்த்து டிரிப்டான் எழுதித் தருவார், இதய நோய் உள்ளவர்களுக்கு மட்டும் தர மாட்டார். மாதத்தில் நாலு நாளுக்கு மேல் வந்தால் வராமல் தடுக்கவே தினசரி மாத்திரை இருக்கிறது: புரோப்ரனலால், அமிட்ரிப்டிலின், ஃபுளூனரிசின் என்று. ஆஸ்துமா உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் முதலாவதைக் கொடுப்பார்கள். பாருங்கள், மறுபடியும் கேள்வி! நேரத்துக்குச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு, வலி வந்த நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வை என்கிறார்கள். காசும் அதிகம் ஆகாது, பக்கத்து வீட்டில் சொல்லிக்கொள்ளப் பெருமையும் இல்லை.

ஒரே ஓர் இடத்தில் பாராட்டை ஓரமாக வைக்கிறேன். திடீரென்று இதுவரை வந்தேயிராத உச்ச வலி, கை கால் மரத்துப்போதல், பேச்சுக் குழறல், காய்ச்சலோடு கழுத்து விறைத்துப்போதல், அடிபட்ட பிறகு வருகிற வலி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் வலி, சளியோடு கண்ணைச் சுற்றி வீக்கம் அல்லது பார்வை இரண்டாகத் தெரிதல், சர்க்கரை நோயாளிக்கு மூக்கில் கறுப்புப் பொருக்கு: இவற்றில் எது வந்தாலும் பெஞ்சும் வேண்டாம், கவுண்டரும் வேண்டாம். நேரே ஆஸ்பத்திரி.

அந்த ஆஸ்பத்திரி ஒன்றும் பட்டணத்தில் இல்லை. 2019-இல் தனி மாவட்டம் ஆனோம். 2022 ஜனவரியில் சிறுவங்கூரில் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரியைத் திறந்தார்கள். இத்தனை பெஞ்சுகள் இருக்கிற மாவட்டத்துக்கு இவ்வளவு செலவு எதற்கென்று அப்போதே எனக்குத் தோன்றியது. கட்டியது கட்டியாயிற்று, ஒரு தடவை போய்த்தான் பாருங்கள். போனால் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் "எனக்கு சைனஸ் சார்" என்று ஆரம்பிக்காதீர்கள். எங்கே வலிக்கிறது, எவ்வளவு நேரம், வாந்தி உண்டா, வெளிச்சம் கூசுகிறதா, மாதத்தில் எத்தனை மாத்திரை விழுங்குகிறீர்கள், இதை மட்டும் சொல்லுங்கள். நோய்க்குப் பெயர் வைக்கிற வேலையை அவருக்கு விடுங்கள்.