மீனை நினைக்காத விஷம்

நம் நாட்டில் நன்னீர் மீனுக்கு ஒரு காவல் சட்டம் உண்டு. 1897இல் வெள்ளைக்காரன் எழுதிவைத்தது. மீனைப் பிடிக்கவோ அழிக்கவோ நோக்கம் கொண்டு தண்ணீரில் விஷத்தையோ சுண்ணாம்பையோ போடுகிறவனுக்கு 2 மாதம் வரை சிறை, அல்லது 200 ரூபாய் வரை அபராதம். ஹைதராபாத் சந்தையில் ஒரு கிலோ விராலுக்கு அந்த 200 பற்றாது. போகட்டும், சட்டத்தின் சூட்சுமம் அபராதத்தில் இல்லை, நோக்கத்தில் இருக்கிறது.

குழம்புக்கு நாலு மீன் வேண்டுமென்று குட்டையில் விஷக்காயை அரைத்துக் கரைத்தவன் குற்றவாளி. மருந்துக் கம்பெனி அப்படியா? மீனை அது கனவிலும் நினைத்ததில்லை. கழிவை எங்கே தள்ளுவது என்பதுதான் அதன் கவலை. நோக்கமில்லை, ஆகவே மீன் தன் விதி முடிந்து செத்தது.

இன்றைய தெலங்கானாவை உள்ளடக்கிய பழைய நிஜாம் சீமை இந்தச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே. அங்கே ஃபசலி என்ற பழைய வருவாய்க் கணக்கில் ஆண்டு போட்ட தனிச் சட்டம். எதுவானால் என்ன? அகப்படுவது வலைக்காரன்தான்.

ஹைதராபாத்தை ஒட்டிய படான்செருவுக்கு வாருங்கள். சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவைச் ‘சுத்தம்’ செய்த பொது நிலையத்திலிருந்து வெளியேறிய நீரை ஸ்வீடன் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். முடிவு 2007இல் வெளிவந்தது. லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின்! மாத்திரை விழுங்கிய நோயாளியின் ரத்தத்தில்கூட அவ்வளவு இராது. மீன்களுக்கு இப்படியொரு இலவச வைத்தியம் எந்த நாட்டில் கிடைக்கும்? ஊர் ஓடை கெடுகிறது என்று ஜனங்கள் ஏற்கெனவே நீதிமன்றம் போயிருந்தார்கள். தீர்வும் பிறந்தது. 18 கிலோமீட்டர் குழாய் பதித்து, கழிவை நகரின் அம்பர்பேட்டைப் பக்கம் திருப்பி, மூசி ஆற்றின் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

ஏரியில் முதிராஜ், கங்கபுத்ர மீனவச் சாதியினர் பிழைக்க, தெலங்கானா அரசு 2016 முதல் இலவச மீன்குஞ்சு விடுகிறது. 2017இல் படான்செரு அருகே கண்டிகூடெம் ஏரியில் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்தன. ஒரு கை குஞ்சு விட, இன்னொரு கை விஷம் விடும் ஆலைக்கு அனுமதி புதுப்பிக்க, இரண்டு கையும் ஒரே உடம்பில்தான் முளைத்திருக்கின்றன. தெலங்கானாவின் மாநில மீன் விரால் என்று அறிவித்ததும் அரசுதான்.

மழை தொடங்கினால் மீன் முட்டையிடும், அப்போது வலையை உள்ளே வை என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் ஆலையின் கழிவுக் குழாய்க்கு எந்த மாதத்தில் தடை? மழை வெள்ளம் வந்தால் அதற்குக் கொண்டாட்டம். எது வெள்ளம், எது கழிவு என்று எவன் பிரித்துப் பார்க்கப்போகிறான்?

1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம் கழிவு கலப்பவனுக்கு 6 ஆண்டு வரை சிறை என்று மிரட்டியாவது வைத்திருந்தது. 2024 திருத்தம் அந்தச் சிறையை நீக்கி, 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை தண்டம் என்று ஆக்கியது. விரும்பும் மாநிலங்கள் ஏற்றுக்கொள்ளலாம். விஷக்காய் அரைத்தவனின் 2 மாதச் சிறையை நீக்க அப்போது ஒருவருக்கும் மனம் இரங்கவில்லை.

தெலங்கானா அரசே, அந்தத் திருத்தம் உனக்கு வேண்டாம். மீன் செத்து மிதக்கும் ஏரிக்கரையில், மேலிருந்து கழிவு விடும் ஆலைகளின் பெயர்களைப் பலகையில் எழுதி நடு. நோக்கம் இருந்ததா இல்லையா என்று அவர்கள் நீதிமன்றத்தில் பேசிக்கொள்ளட்டும். வலைக்காரனுக்குச் சேரவேண்டிய நட்டஈட்டை அதற்கு முன்பே அவர்களிடம் வாங்கிக் கொடு.