மாலைக்கு எத்தனை முழம், மனே?

விஞ்ஞானக் கதை, மாயக் கதை எழுதின முன்னோடிகளுக்கு நினைவுக் கூட்டம் வைக்கப் போறியாம். உன்ட பெத்தா சோறு போடக்குள்ள சொன்னாள். நல்லது மனே. செத்தவனுக்குக் கூட்டம் வைக்கிற மாதிரி லேசான வேலை வேற இல்ல. அவன் எழும்பி வந்து, "நான் அப்பிடியா எழுதினன்?" எண்டு கேக்கமாட்டான். வட்டைக் காவலுக்குப் போய், பரணில கிடந்து, எனக்கும் யானைக்கும் நடந்த சண்டையை நாப்பது வருசமாச் சொல்லிவாறவன் நான். பொய்யில கொஞ்சம் அனுபவம் இருக்கு. அதால ரெண்டு புத்தி சொல்லுறன், கேள்.

முதல்ல பதாகை. உன்ட முகத்தைப் பெரிசாப் போடு. ஜூல் வேர்ணை முத்திரை அளவுக்கு மூலையில ஒட்டினாக் காணும். தாடியைப் பாத்திட்டு, "ஆர் இது, புதுப் பாதிரியாரா?" எண்டு சனம் கேக்கும். கேக்கட்டும். அவர்ட புத்தகத்தை மட்டும் திறந்திராத, வில்லங்கம். நீர்மூழ்கிக் கப்பலை வைச்சு அவர் எழுதின கதையில, 1870இல வந்த பாகத்தைத் திறந்தா அந்தக் கப்பல் நேரா நம்மட இலங்கைக்குத்தான் வருது. மன்னார் முத்துச் சலாபம். ஏழைச் சுழியோடி ஒருத்தனைச் சுறா மறிக்க, கப்பித்தான் நீமோ கத்தியோட பாயிறான். ஏழைட கையில ஒரு பை முத்தையும் வைச்சிட்டுப் போறான். அடுத்த கதையொண்டில பாத்தா அந்த நீமோவே இந்திய இளவரசனாம்! வேர்ண் இந்தப் பக்கம் தலைவைச்சும் படுத்ததில்ல. ஆனா சலாபம் எந்த மாசம், சுழியோடி எவ்வளவு நேரம் மூச்சடக்குவான், காலில கல்லு எதுக்கு எண்டு எல்லாம் விசாரிச்சு எழுதியிருக்கார். நானும் பாதிக் கதையை யானையைக் காணாமத்தான் சொன்னன். யானைக்குக் காலில எத்தனை நகம் எண்டு ஒருநாளும் விசாரிக்கல்ல. அதால அவர் வேர்ண், நான் உன்ட பெத்தாட புருசன்.

அடுத்தது ஆர்தர் சி. கிளார்க். "நம்மட நாட்டை நேசிச்ச வெள்ளைக்காரர்" எண்டு ஒரு வரி சொல்லிட்டு இரு, கை தட்டுவாங்க. 1945இல அவர் 'வயர்லஸ் வேர்ல்ட்' சஞ்சிகையில எழுதினதை எடுத்தியோ, சனம் கொட்டாவி விடும். பூமத்திய கோட்டுக்கு மேல 36,000 கிலோமீட்டர் உயரத்தில செய்மதியை விட்டா, அது பூமியோட சேந்தே சுத்தும். கீழ நிக்கிறவனுக்கு அசையாம நிக்கிற மாதிரித் தெரியும் எண்டார். நம்மட கூரையில டிஷ் அண்டெனா ஒரே பக்கம் பாத்துக்கொண்டு நிக்குதே, அந்தக் கணக்கைத்தான் பாத்துக்கொண்டு நிக்குது. உன்ட பெத்தா அதில நாடகம் பாத்து அழுறாள். மனிசன் அதுக்குக் காப்புரிமை கூட எடுக்கல்ல.

1956இல கடலுக்காகவே இஞ்ச குடிவந்தார். அந்த வருசமே திருகோணமலையில, போர்த்துக்கேயர் இடிச்ச கோணேசர் கோயில்ட தூண்களைக் கடலடியில கண்டார். நாங்க கரையில நிண்டு தேவாரம் படிச்சுக்கொண்டிருந்தம். ராக்கட்டுக் கதை எழுதினவர் குதிச்சுப் பாத்தார்.

1979இல வந்த 'த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' நாவல்ல பூமியில இருந்து வானத்துக்கு லிஃப்ட் கட்டப் பாத்தார். சிவனொளிபாதமலை தோதான மலை. ஆனா அந்த லிஃப்ட் பூமத்திய கோட்டில நிண்டாத்தான் கணக்குச் சரிவரும். என்ன செய்தார் தெரியுமா? முழு இலங்கையையும் 800 கிலோமீட்டர் தெற்கால இழுத்து வைச்சார்! நம்மட வாவியும், அதில கிடக்கிற மணலை மீனும் செப்பலி மீனும் சேந்துதான் போயிருக்கும். ஒரு காணி உறுதி மாறல்ல, ஒருத்தரும் வழக்குப் போடல்ல. நான் வரம்பை ஒரு முழம் தள்ளினதுக்கு ஏழு வருசம் கோட்டுக்கு அலைஞ்சன், மனே.

தமிழ்ல சுஜாதாவை மறந்திராத. ஜீனோ எண்ட இயந்திர நாயை நம்மட வீட்டு முற்றத்தில குரைக்க வைச்சவர். 2008 பெப்ரவரி 27இல அவர் போனார். 21 நாளில, மார்ச் 19இல, கிளார்க்கும் போனார்.

கூட்டத்தில ஒருத்தன் எழும்பி, "இராவணன் அப்பவே விமானம் விட்டவன்" எண்டுவான். மறுத்துப் பேசாத, மண்டபமே உனக்கு எதிரியாகும். நானும் வடமோடியில இராவணன் ஆடினவன்தான். புட்பக விமானம் எண்டு படிச்சுக்கொண்டு களரியைச் சுத்தி வருவன். விடியக்குள்ள என்ட கால்தான் வீங்கும். 2019இல விண்ணுக்குப் போன 'ராவணா-1' செய்மதி ஒரு கிலோ சொச்சம் பாரம். இலங்கைப் பொறியியலாளர் ரெண்டு பேர் யப்பானுக்குப் போய்ப் படிச்சுச் செய்தது. இராவணன் குடுத்தது பேரை மட்டும்தான்.

இவ்வளவும் சொல்லிட்டு உன்ட பட்டியலைப் பாத்தா, 1892இல காரைதீவில பிறந்த விபுலாநந்தரைக் காணல்ல. "அவர் சாமியாரெல்லோ" எண்டு முழிக்காத. லண்டன் பி.எஸ்ஸி. படிச்ச சாமியார். 1947இல வந்த யாழ் நூலில, செத்துப்போன யாழ்ட நரம்புக்கெல்லாம் கணக்குப் போட்டுச் சுரம் கண்டவர். அப்பிடிக் கணக்குப் புத்தகத்திட வாசலில ஆரைக் கொண்டுவந்து இருத்தினார்? நீரர மகளிரை! நிலாவில நம்மட வாவித் தண்ணிக்குள்ள இருந்து பாடுற பெண்களை. பின்னால லாங் பாதிரியார் அந்தப் பாட்டைக் கருவி வைச்சுப் பதிஞ்சார், இலங்கை வானொலியிலயும் போட்டாங்க. பாடுறது மீனா, ஊரியா எண்டு இன்னும் வழக்கு நடக்குது. நீ பிறந்து வளந்த ஊரில, மனே. நீ ஒருநாளாவது கேட்டியா?

மண்டபத்துக்குக் கட்டின காசு திரும்பாது எண்டா கூட்டத்தை நடத்து. மறுகா, நிலா முழுசா வாற இரவில கல்லடிப் பாலத்துக்குக் கீழ வா. தோணித் தண்டைத் தண்ணியில இறக்கி மற்ற நுனியைக் காதில வைக்கவேணும். தோணியில ரெண்டு பேருக்குத்தான் இடம். ஒலிபெருக்கியைக் கரையில விட்டிட்டு வா.