பொட்டு வெடித் துப்பாக்கியின் சுடுவேக வரம்புகள்: ராயகிரியை முன்வைத்து ஓர் ஆய்வு

தீபாவளித் துப்பாக்கி நிமிடத்துக்கு எத்தனை முறை வெடிக்கும் என்ற வினாவை அறிஞர் உலகம் இதுவரை சீந்தியதில்லை. அப்பெருங்குறையைப் போக்க எழுந்தது இச்சிற்றாய்வு. களம், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துப் பேரூராகிய ராயகிரி. காலம், ஐப்பசி.

1. முன்னோர் நிலை

இவ்வட்டாரத்துக்கு வேட்டுச் சத்தம் புதிதன்று. பாளையக்காரர் பூலித்தேவரின் நெற்கட்டான்செவல் 1755-லேயே கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை எதிர்கொண்டது. அக்காலத்துச் சிப்பாய் மருந்து போட்டு, குண்டு போட்டு, கம்பியால் இடித்துச் சுட்டால் நிமிடத்துக்கு இரண்டு மூன்று வேட்டு தேறும். மழை பெய்தால் அதுவும் இல்லை. டவுசர் போட்ட ராயகிரிச் சிறுவன் இந்தச் சாதனையை ஐந்தே நொடியில் முறியடித்துவிடுகிறான். ஆயினும் அவனுக்குத் திருப்தி இல்லை. ஆய்வுச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

2. இயந்திர வரம்பு

விசையை ஒருமுறை இழுத்தால் உள்ளே இரண்டு வேலை நடக்கவேண்டும். ஒரு சிறு கொக்கி, மருந்துப் பொட்டுகள் ஒட்டிய காகிதச் சுருளை ஒரு பொட்டு அளவு மேலே தள்ளவேண்டும். பின்னால் சாய்ந்த குதிரை, ஸ்பிரிங் வேகத்தில் அந்தப் பொட்டின்மேல் விழவேண்டும். பொட்டுக்குள் இருப்பவை பொட்டாசியம் குளோரேட்டும் சிவப்புப் பாஸ்பரசும். முன்னது தீக்குச்சியின் தலையிலும் பின்னது தீப்பெட்டியின் பக்கவாட்டிலும் பிரிந்து வாழ்பவை. 1923-ல் சிவகாசிக்குத் தீப்பெட்டித் தொழிலைக் கொண்டுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் பிரித்து விற்ற சம்பந்திகளைப் பொட்டு வெடி ஒரே காகிதத்தில் குடிவைத்தது. அடி விழுந்தால் சண்டை நிச்சயம்.

அடி சரியாக விழுந்தால்தானே? விரல் அவசரப்பட்டால் கொக்கி வழுக்கும். காகிதம் பாதி தூரமே ஏறும். குதிரை இரண்டு பொட்டுக்கும் நடுவில் விழுந்து 'டொக்' என்று அவமானப்படுத்தும். சுருளுக்குப் பதில் எட்டுப் பொட்டு வளையம் போடும் துப்பாக்கியில் இந்த வழுக்கல் குறைவு. ஆனால் எட்டு வெடிக்கு ஒருமுறை வளையம் மாற்றவேண்டும் என்பதால் சராசரி கெடுகிறது.

3. உலகளாவிய ஒப்பீடு

1981-ல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் முதல் பெயிண்ட்பால் ஆட்டம் நடந்தது. மரத்துக்கும் மாட்டுக்கும் அடையாளமிட வந்த சாயத் துப்பாக்கியால் மனிதர்கள் ஒருவரையொருவர் அடையாளமிட்டுக்கொண்டார்கள். அங்கும் இதே கதைதான்: அடுத்த குண்டு வந்து சேரவேண்டும். கிண்ணத்திலிருந்து இறங்கும் 17 மில்லிமீட்டர் சாய உருண்டை தன் விட்டமளவு கீழே விழ 0.06 நொடி ஆகும். எனவே தானாக விழும் உருண்டையை நம்பினால், எவ்வளவு வேகமாக விசையை இழுத்தாலும் நொடிக்குப் பதினேழைத் தாண்ட நியூட்டன் விடமாட்டார். பாதி இறங்கிய உருண்டை நசுங்கி, சாயம் உள்ளேயே வழியும். அவர்கள் உருண்டைக் கிண்ணத்துக்கு மோட்டார் வைத்துத் தப்பித்தார்கள்.

ராயகிரிச் சிறுவன் வேறு வழி கண்டான். துப்பாக்கியை வீசிவிட்டு, சுருளை அப்படியே அம்மியில் வைத்து ஒரு கல்லைப் போட்டான். வேகம் முடிவிலியைத் தொட்டது. தீபாவளியும் அத்தோடு முடிந்தது.

4. விநியோக வரம்பு

மேற்கண்டவற்றால் பெறப்படுவது: சுடுவேகத்தைத் தீர்மானிப்பது சுடும் கருவியன்று, அதற்கு ஊட்டும் கை. ராயகிரியில் அந்தக் கை ஆச்சியுடையது. வடகிழக்குப் பருவமழையில் நமத்த சுருள்களைச் சுளகில் பரப்பி வெயில் காட்டி, சுருக்குப்பைக்குள் போட்டு, ஒவ்வொன்றாகக் கிழித்துத் தருபவர் அவரே.

"ஆச்சி, இன்னொரு சுருளு."

"ஏலே, பைய சுடுல. பொழுது கெடக்கு."

நொடிக்கு ஒன்று வீதம் நூறு பொட்டுச் சுருள் 100 நொடியில் தீரும். உச்ச நீதிமன்றத்தின் 2018 உத்தரவை அடுத்துத் தமிழக அரசு பட்டாசுக்கு ஒதுக்கியது காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்தையும் நிரப்ப 72 சுருள் வேண்டும். எந்த ஆச்சியும் 72 சுருளுக்குச் சம்மதிக்கமாட்டார். ஆக, நீதிமன்ற வரம்பு எட்டுவதற்கு வெகு முன்பே ஆச்சி வரம்பு அமலுக்கு வந்துவிடுகிறது.

5. பரிந்துரை

வேகத்தைக் கூட்ட விரும்பும் சிறுவர்கள் ஸ்பிரிங்குக்கு எண்ணெய் விடுவதை நிறுத்திவிட்டு, ஆச்சிக்கு வெற்றிலை இடித்துக் கொடுக்கலாம்.