வெள்ளி பூக்கும் சுவர்கள்

கேள்வி: அமெரிக்காவின் நாண்டுக்கெட் தீவில், வீட்டு வெளிச்சுவர் முழுவதும் சிடார் மர ஓடுகளை அடுக்கிவிட்டு, வர்ணமே பூசாமல் விட்டுவிடுகிறார்களாமே, அது சிக்கனமா, சோம்பலா?

பதில்: இரண்டுமல்ல, விவேகம். 1686-இல் கட்டப்பெற்ற ஜெத்ரோ காஃபின் இல்லம் இன்றும் நிற்கும் அத்தீவில், வெண்சிடார் ஓடுகளை வெயிலும் மழையும் உப்புக்காற்றும் சில வருஷங்களில் வெள்ளிச் சாம்பல் நிறமாக்கிவிடுவதால், இயற்கை இனாமாகச் செய்யும் காரியத்துக்குக் கூலி கொடுப்பானேன் என்று, தூரிகையைச் சாளரச் சட்டங்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வர்ணம் ஒருமுறை ஏறிவிட்டாலோ, வீட்டுக்காரர் அதற்கு ஆயுள் சந்தாதாரர்!

பூசியே தீருவேன் என்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செஞ்சிடாரில் இயல்பாகவே உள்ள துவர்ப்புச் சத்து, ஈரத்தில் கரைந்து மேலேறி, புதிய வெள்ளை வர்ணத்தின்மீது பழுப்புக் கறையாகப் படியுமாதலால், அதைத் தடுக்கும் எண்ணெய்ப் பிரைமரை, ஓடுகளைச் சுவரில் அறைவதற்கு முன்பே, அவற்றின் பின்புறத்துக்கும், விசேஷமாக நீரை உறிஞ்சும் அடி விளிம்புக்கும் கொடுத்துவிடுவது அவசியம். முன்புறம் எத்தனை அழகாகப் பூசினாலும், பின்னிருந்து வரும் ஈரம் வர்ணத்தை உரித்துத் தள்ளிவிடும். சாதாரண இரும்பாணி அந்தத் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து கருங்கோடு வழியவிடும். துருப்பிடிக்காத எஃகாணியே உத்தமம். அமெரிக்காவில் 1978-க்கு முற்பட்ட வீடாயின் பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். பரிசோதிக்காமல் சுரண்ட வேண்டாம். அழுக்கைப் போக்க அதிவேக நீர்ப்பீச்சியைத் திருப்பும் அவசரத்தை நான் அடியோடு ஆட்சேபிக்கிறேன். மரத்தின் நார் பிய்ந்து, ஓட்டிடுக்கில் தண்ணீர் புகுந்துவிடும். மெல்லிய தூரிகையும் சோப்பு நீரும் போதும்.