செருப்புக்குக் காலை வெட்டும் கலை

1969-ஆம் ஆண்டு ஷெவர்லே கமாரோ, பெரும்பாலும் 14 அங்குலச் சக்கரத்தில் ஒல்லி டயரோடுதான் ஊரைச் சுற்றியது. இன்றைய அமெரிக்க ரசிகருக்கோ பின்னால் 335 மில்லிமீட்டர் அகல டயர் வேண்டும். அது நுழைய இடமில்லையா? சக்கரக் கூட்டின் உள்சுவரை அறுத்து அகலமாக்கு, அடிச்சட்டத்தைக் குடைந்து வெல்டிங் வை, லீஃப் ஸ்பிரிங்கை உள்ளே தள்ளு, ஆக்ஸிலையும் குறுக்கு. பின்சீட்டு கொஞ்சம் ஒடுங்கும். போகட்டும், அதில் என்றைக்கு யார் வசதியாக உட்கார்ந்தார்கள்?

வி8 எஞ்சினின் முறுக்குவிசைக்குப் பழைய டயர் புகைதான் கக்கும் என்பார்கள். மறுப்பதற்கில்லை. ஆனால் டயர் வழுக்காமல் பிடித்துக்கொண்டால் அந்த விசை ஆக்ஸிலையும் கியர்பாக்ஸையும் பதம் பார்க்கும்; ஆகவே அவையும் புதிது. வேகம் கூடியதால் பிரேக்கும் புதிது. கடைசியில் அசலாக மிஞ்சுவது, டாஷ்போர்டில் ரிவெட் அடித்த வண்டி அடையாள எண் தகடு.