கடிகாரத்தடியில் கூட்டம்

பிராக் நகரின் பழைய நகரச் சதுக்கத்தில் மணியாவதற்கு வெகு முன்பே கூட்டம் சேர்ந்துவிடும். காரணம், 1410இல் நிறுவப்பட்ட வானியல் கடிகாரம். சூரியன், சந்திரன், ராசி, பழைய பொஹீமிய நேரம் எல்லாம் காட்டும். இப்போது மணி என்ன என்று பார்க்க மட்டும் அவரவர் செல்போன்தான். மணியானதும் கடிகாரத்தின் எலும்புக்கூடு பொம்மை கயிற்றை இழுக்கிறது, பன்னிரண்டு அப்போஸ்தலர்கள் ஜன்னலில் தலைகாட்டிப் போகிறார்கள், சேவல் கூவுகிறது. தீர்ந்தது தரிசனம். “இவ்வளவுதானா?” என்பதை எல்லா மொழியிலும் கேட்கலாம். (கடிகாரத்தைச் செய்தவரின் கண்ணைக் குருடாக்கிவிட்டார்கள் என்பது கட்டுக்கதை, ஆனாலும் வழிகாட்டிக்கு டிப்ஸ் அதற்குத்தான்.) கண்ணாடியில் தன்னையே ரசிக்கும் பொம்மை ஒன்றும் மேலே உண்டு, தற்பெருமையின் உருவம். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் அத்தனை பேரும் செல்ஃபி எடுக்கிறார்கள்.